இரவின் நீளத்தை அளக்கும் செம்மறியாடு

பிரிட்டனின் சஃபோக் இனப் பெட்டையாடுகள் இலையுதிர் காலத்தில் கிடாவோடு சேர்ந்து, ஏறத்தாழ 147 நாள் சினையாக இருந்து, புல் துளிர்க்கும் வசந்தத்தில் குட்டி ஈனுகின்றன. குளிர் தொடங்குவதால்தான் அவை பருவத்துக்கு வருகின்றன என்று எண்ணத் தோன்றும். ஆனால் 1949இல் ஆய்வாளர் யீட்ஸ் வெளியிட்ட கேம்பிரிட்ஜ் ஆய்வு அந்த எண்ணத்தைத் தகர்த்தது. கொட்டகை விளக்கொளியைக் கூட்டிக் குறைத்துப் பகல்நீளத்தின் ஆண்டு ஒழுங்கை அவர் தலைகீழாக்கியபோது, ஆடுகளின் இனச்சேர்க்கைக் காலமும் தலைகீழானது.

ஒளியின் செய்தியைச் சூலகம் வரை கொண்டுசெல்வது யார்? மூளையின் பினியல் சுரப்பி இருளில் மட்டும் மெலடோனினைச் சுரக்கிறது. இரவு நீண்டால் சுரப்பும் நீள்கிறது. பினியலை அகற்றிய ஆடுகளுக்கு மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மெலடோனினை நீண்ட நேரமாகவும் குறுகிய நேரமாகவும் செலுத்திப் பார்த்தார்கள். ஆடுகள் அதற்கேற்பவே நடந்துகொண்டன. ஆகவே மெலடோனின் இனப்பெருக்கத்தைத் தூண்டுவதுமில்லை, தடுப்பதுமில்லை. இரவின் அளவை அறிவிக்கிறது. வெள்ளெலியில் அதே நீண்ட இரவு இனப்பெருக்கத்தை நிறுத்திவிடுவது இதற்கு நல்ல சான்று. செம்மறியில் உண்மையான கடிவாளம் ஈஸ்ட்ரோஜன். அதே மிச்சிகன் குழு, சூலகம் நீக்கிய ஆடுகளுக்கு ஆண்டு முழுதும் ஒரே அளவு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தது. கோடையில் அது, சூலகத்தைத் தூண்டும் பிட்யூட்டரியின் எல்ஹெச் ஹார்மோனை அடக்கியது. இலையுதிர் காலத்தில் அதே அளவால் அடக்க முடியவில்லை. மாறியது ஹார்மோனின் அளவல்ல, அதற்கு மூளை காட்டும் இணக்கம். அந்த இணக்கத்தை மீண்டும் கூட்டிப் பருவத்தை முடித்துவைப்பதில் தைராய்டுக்குப் பங்குண்டு: தைராய்டு நீக்கிய பெட்டையாடு, பருவம் முடியவேண்டிய காலத்திலும் சுழற்சியைத் தொடர்கிறது.

ஒளி மாறாத அறையிலும் செம்மறிக்குப் பருவம் வந்து போகிறதே என்று மறுப்போர் உண்டு. அது சரிதான், ஆனால் அப்போது பருவம் நாட்காட்டியோடு ஒத்துப்போகாமல் மெல்ல விலகுகிறது. உள்ளே ஓர் ஆண்டுக் கடிகாரம் இருக்கிறது, பகல்நீளம் அதைத் திருத்துகிறது என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம். நம் ஊர் ஆடுகள் பல மாதங்களிலும் ஈனுவது இன்னொரு மறுப்பு. நிலநடுக்கோட்டுக்கு அருகே பகல்நீளம் ஆண்டுக்குள் ஒரு மணி நேரமளவே வேறுபடுகிறது. அங்கே ஒளியைவிடத் தீவனமே முடிவு செய்கிறது. கிடாவின் மணமும் ஓய்வுக் காலத்துப் பெட்டைகளைச் சினைப்படுத்தத் தயார்ப்படுத்தும் என்பதை மெரினோ வளர்ப்போர் அறிவார்கள். ஆனாலும் வடக்கு நாடுகளின் மந்தைகளில் ஒளியே முதல் காரணி. அதனால்தான் அங்கே காதுப்புறத் தோலுக்கடியில் 18 மில்லிகிராம் மெலடோனின் பதித்து, இரவு நீண்டுவிட்டதென்று ஆட்டின் உடலை நம்பவைத்து, பருவத்தை முன்கூட்டியே வரவழைக்கிறார்கள்.