சிலிகாவில் ஓங்கில்களைத் தேடி

ஒடிசாவில் பூரியிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், சிலிகா ஏரிக்கரையில் உள்ளது சாத்தபடா. ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் இப்பரப்பில் ஐராவதி ஓங்கில்கள் எனப்படும் டால்பின்கள் வாழ்கின்றன. உருண்ட தலையுடன் மெல்ல மேலெழுந்து, மூச்சுவிட்டு மறையும். துள்ளிக் குதிப்பது அரிது. எனவே பொறுமை தேவை.

காலையில், சிலர் மட்டுமே அமரும் சிறு படகைத் தேர்ந்தெடுங்கள். கட்டணத்தை முன்னரே பேசி முடிவு செய்து, உயிர்காப்பு அங்கி அணிந்து புறப்படுங்கள். ஓங்கில் தென்பட்டதும் அருகே விரையுமாறு படகோட்டியை வற்புறுத்தாதீர்கள். படகின் சுழல்விசிறி அதன் உடலைக் கிழித்துவிடக்கூடும். தொலைவிலேயே இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி, அமைதியாகக் காத்திருங்கள்.

சிலிகாவில் எஞ்சியிருப்பவை 200-க்கும் குறைவே. படகோட்டிகளின் வருவாயும் அவற்றை நம்பியே உள்ளது. வட்டிக்கு ஆசைப்பட்டு அசலை இழக்கலாமா?