செய்தி வாசிக்க விரும்பும் நம் பிள்ளைகளுக்கு

நம் சங்கத்துப் பிள்ளைகள் சிலருக்கு வானொலி, தொலைக்காட்சிச் செய்தித் துறையில் சேரும் ஆசை வந்திருக்கிறது. மகிழ்ச்சி. "குரல் நன்றாக இருக்கிறதே, போதாதா?" என்று பெற்றோர் என்னிடம் கேட்கிறார்கள். தற்காலிக அறிவிப்பாளனாகச் சில ஆண்டுகள் ஒலிவாங்கி முன் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: போதாது.

ஆகாசவாணியின் மாநிலச் செய்திப் பிரிவுகளில் புதியவர்களுக்கு வாய்ப்புள்ள பணிகளில் ஒன்று, தற்காலிகச் செய்தி வாசிப்பாளர் - மொழிபெயர்ப்பாளர். பெயரிலேயே பாதி மொழிபெயர்ப்பு. எழுத்துத் தேர்வும் உண்டு, குரல் தேர்வும் உண்டு. நம் தீவுகளில் இந்திக்கே முதலிடம். தமிழில் செய்தி வாசிக்க விரும்புவோர் தமிழ்நாட்டு நிலையங்களையும் மனத்தில் வைத்துத் தயாராக வேண்டும்.

பயிற்சிக்கு வானிலை அறிக்கையைவிட நல்ல பாடம் கிடையாது. ஆங்கில அறிக்கையை எடுத்து இருபது நிமிடத்தில் தமிழாக்குங்கள். காற்று மணிக்கு 31 கிலோமீட்டரைத் தொட்டால் 'காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்'. அதற்குக் கீழே இருந்தால் 'தாழ்வுப் பகுதி'. 50 முதல் 61 வரை 'ஆழ்ந்த தாழ்வு மண்டலம்'. 62 ஆனால் 'புயல்'. 'பகுதி' என்ற இடத்தில் 'மண்டலம்' என்று வாசித்தால், படகை இறக்கலாமா என்று காத்திருக்கும் மீனவருக்கு ஒருநாள் கூலி போகும். மாற்றி வாசித்தால் உயிருக்கே ஆபத்து. 2004 டிசம்பர் 26-ஐப் பார்த்த தீவுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது ஊர்ப் பெயர். ஹேவ்லாக், நீல் தீவுகள் 2018-இல் ஸ்வராஜ் தீவு, ஷஹீத் தீவு ஆயின. 2023-இல் பெயரில்லாத 21 தீவுகளுக்குப் பரம்வீர் சக்கரம் பெற்ற வீரர்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. 2024-இல் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. செய்தியில் புதுப் பெயர்தான் வரும். ஆனால் ஜெட்டியில் நிற்கும் பெரியவர் பழைய பெயரைத்தான் கேட்பார். கப்பல் செய்தி எழுதும்போது இரண்டையும் ஒருமுறை சொல்லிவிடுவது என் வழக்கம்.

பத்திரிகை வாசகர் புரியாவிட்டால் மறுபடி படிப்பார். வானொலி நேயர் ஒருமுறைதான் கேட்கிறார். அதனால் வாக்கியம் சின்னதாக இருக்கட்டும். கேம்பல் பே போகிறவர் கேம்பல் பே என்று காதில் விழுந்த பிறகுதான் நிமிர்ந்து கேட்பார். ஆகவே ஊரை முதலில் சொல்லி, நாளையும் நேரத்தையும் பின்னால் வையுங்கள்.

உச்சரிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. பள்ளியில் இந்தி, தெருவில் இந்தி என்று வளரும் நம் குழந்தைகளுக்கு 'ழ' தடுமாறுகிறது. "இன்று மலை பெய்யும்" என்று ஒரு சிறுமி வாசித்தபோது வீடே சிரித்தது. அவள் மட்டும் அழுதாள். சிரிக்காமல் திருத்துங்கள்.

எழுதியதை அடுப்படியில் இருக்கும் பாட்டிக்குக் கேட்கும்படி கூடத்திலிருந்து வாசியுங்கள். பிறகு அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். "எந்தத் தீவுன்னு சொன்னே?" என்று கேட்டால் அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு வேறு எழுதுங்கள். கைப்பேசியில் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். அன்றைக்கே கேட்டால் குறை காதில் விழாது.