பெட்டி எந்தத் தெருவில்?

1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரைத் தலைமையிடமாகக் கொண்டு புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. கணினியை நிறுவனம் தரும். இடத்தையும் ஆளையும் ஊர் தர வேண்டும். இன்னொரு நிபந்தனைதான் முக்கியமானது: இடம் பொதுவாக இருக்க வேண்டும், காலனியில் வாழும் தலித் மக்கள் உட்பட யாரும் தயங்காமல் படியேறி வர வேண்டும். கணினி யார் வீட்டில் இருக்கிறதோ, அவர் வீட்டு வாசலுக்கு யார் வரலாம் என்பதே அதை யார் பயன்படுத்தலாம் என்பதையும் தீர்மானித்துவிடும். அதைப் புரிந்துகொண்டு போட்ட நிபந்தனை அது. ஏம்பலத்தில் கோயில் கட்டடத்தில் இயங்கிய மையத்தைப் பெண்களே நடத்தினார்கள்.

கடலோர ஊரான வீராம்பட்டினத்துக்கு வேண்டியது கடல் சேதி. அமெரிக்கக் கடற்படையின் அலை உயரக் கணிப்பை வில்லியனூரில் இறக்கித் தமிழாக்கி அனுப்புவார்கள். மீனவர் குப்பத்தில் ஒலிபெருக்கி அதைச் சொல்லும். வலை பின்னுகிறவர் கையை நிறுத்தாமலே கேட்டுக்கொள்வார். எழுத்து தெரியாதவருக்கும் அதே நேரத்தில் அதே சேதி. 2004 டிசம்பர் 26, சுனாமி அன்று, சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரித்ததும், நல்லவாடு என்ற மீனவ ஊரின் மக்களைக் கரையிலிருந்து வெளியேற்றியது தகவல் மையத்தின் ஒலிபெருக்கிதான்.

இன்று அலைக் கணிப்பு கைபேசிச் செயலியிலேயே வந்துவிடுகிறது. மறுக்க முடியாத வசதி. ஆனால் பல வீடுகளில் ஸ்மார்ட்போன் ஒன்றுதான். அது கணவரோடு வேலைக்குப் போய்விடும், இல்லையென்றால் மகன் கையில் இருக்கும். பாகூர்ப் பக்கம் நடவுக்குப் போய்வந்த அம்மா, வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியைப் படித்துச் சொல்ல மகனுக்காகக் காத்திருக்கிறார். தன் கணக்கில் எவ்வளவு ஏறியது என்பது அவருக்கு முன்பே வீட்டில் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. நூறு நாள் வேலைத் திட்டத்திலோ, 2023-ல் வருகைப் பதிவுக்குப் பணித்தளத்தில் செயலி வழியாகப் படம் எடுப்பது கட்டாயமானது. படம் ஏறாவிட்டால், மண் வெட்டியவரின் கூலிதான் சிக்கலானது.

அன்று கணினிப் பெட்டி எந்தத் தெருவில் என்று ஊர் கூடிக் கேட்க முடிந்தது. வாட்ஸ்அப் குழுவில் யாரைச் சேர்த்தார்கள், யாரை விட்டார்கள் என்று எந்த ஊர்க்கூட்டமும் கேட்பதில்லை. கேட்பதற்குரிய அமைப்பும் இல்லை: புதுச்சேரியில் 2006-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட கொம்யூன், கிராமப் பஞ்சாயத்துகளின் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது, அதன்பின் பல்லாண்டுகளாகத் தேர்தல் நடக்கவில்லை. அந்தத் தேர்தலை நடத்துங்கள். ஒவ்வோர் ஊரிலும் பொது இடத்தில் ஒரு கணினியையும், சம்பளத்துக்கு ஒரு பெண்ணையும், ஓர் ஒலிபெருக்கியையும் மறுபடி வையுங்கள்.