உறங்கும் மரபணுவை எழுப்பும் மருந்து

இயற்கை நமக்குத் தந்த ஆன்டிபயாடிக்குகளில் பெரும்பகுதி, மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசஸ் வகைப் பாக்டீரியாக்களிடமிருந்தும் அவற்றின் உறவுகளிடமிருந்தும் வந்தது. 1943-இல் அமெரிக்காவின் ரட்கர்ஸில் ஆல்பர்ட் ஷாட்ஸும் செல்மன் வாக்ஸ்மனும் கண்டறிந்த ஸ்ட்ரெப்டோமைசின்தான் காசநோயைக் குணப்படுத்திய முதல் ஆன்டிபயாடிக். பிறகு உலகெங்கும் மண்ணைச் சலித்தார்கள். நாளடைவில், தெரிந்த பொருளே திரும்பத் திரும்ப அகப்பட்டது. மண் வற்றிவிட்டது என்று பல மருந்து நிறுவனங்கள் ஒதுங்கின.

வற்றவில்லை என்று 2002-இல் தெரிந்தது. ஸ்ட்ரெப்டோமைசஸ் சீலிகலரின் மரபணுத் தொகுதியை முழுமையாகப் படித்தபோது, ஆன்டிபயாடிக் போன்ற வேதிப்பொருள்களைத் தயாரிக்கும் மரபணுக் கொத்துகள் இருபதுக்கும் மேல் இருந்தன. ஆய்வகத்தில் அது அதுவரை தயாரித்துக் காட்டியவையோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. மற்ற கொத்துகள் உறங்கிக்கொண்டிருந்தன.

அவற்றை எழுப்ப ஒரு வழியை ஜப்பானின் கோசோ ஓச்சி குழு 1996-லேயே காட்டியிருந்தது. ஸ்ட்ரெப்டோமைசஸ் லிவிடன்ஸிடம் ஆக்டினோரோடின் என்ற நீல நிற ஆன்டிபயாடிக்குக்கான மரபணுக்கள் உண்டு. ஆனால் வழக்கமாக அதைத் தயாரிக்காது. ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த அகர் என்ற கூழ் நிரப்பிய தட்டில் அதன் வித்துகளைப் பரப்பினால் ஏறக்குறைய எல்லாமே மடியும். தற்செயலான திடீர்மாற்றத்தால் தப்பியவை மட்டும் ஆங்காங்கே புள்ளிகளாக வளரும். அவற்றில் சில, தம்மைச் சுற்றியிருந்த அகரை நீலமாக்கின.

ஸ்ட்ரெப்டோமைசின் தாக்குவது, செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமை. அதன் எஸ்12 புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினாலே பாக்டீரியா தப்பிவிடக்கூடும். அத்தகைய மாற்றங்களில் சில, வளர்ச்சி ஓய்ந்த பிறகும் ரைபோசோமைச் சுறுசுறுப்பாக வைக்கின்றன. பொதுவாக ஆன்டிபயாடிக் உருவாவதும் அந்தக் கட்டத்தில்தான்.

இதே குழு, மண்ணிலிருந்து பிரித்தெடுத்த, ஆன்டிபயாடிக் தராத பாக்டீரியாக்களிலும் ஸ்ட்ரெப்டோமைசினுக்கும் ரிபாம்பிசின் என்ற மற்றோர் ஆன்டிபயாடிக்குக்கும் தப்பியவற்றைத் தேடியது. சோதனை எளிது: தப்பியது வளர்ந்த அகர்த் துண்டை நோய்க்கிருமி பரப்பிய தட்டில் வைத்தால், சுற்றிலும் கிருமி வளராத தெளிந்த வளையம் தோன்ற வேண்டும். பல தட்டுகளில் தோன்றியது. ஸ்ட்ரெப்டோமைசஸ் மாவிகலரிடமிருந்து பைபெரிடாமைசின் என்ற புதிய பொருள் வகையே கிடைத்தது. அதை 2009-இல் அறிவித்தார்கள்.

எல்லாத் திடீர்மாற்றமும் பலன் தராது. ஆனாலும் இதற்கு வேற்று மரபணு எதையும் புகுத்த வேண்டியதில்லை. பழைய மருந்தும் பொறுமையும் போதும். மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும் இக்காலத்தில், பயனற்றவை என்று ஆய்வகங்கள் உறைபெட்டியில் கிடப்பில் போட்ட பாக்டீரியாக்களை மீண்டும் எடுத்துச் சோதிக்க வேண்டும்.