பெருவிரலுக்குக் கீழே ஒரு வழக்கு

வீடியோ கேம் கன்ட்ரோலரின் இடது பக்கத்தில் கூட்டல் அடையாளம் மாதிரி ஒரு பொத்தான் இருக்கும். மேலே அழுத்தினால் கதாநாயகன் மேலே ஏறுவான், கீழே அழுத்தினால் இறங்குவான். கண்டியில் பாடசாலை விட்டு வந்து டிவிக்கு முன்னால் உட்காரும் பிள்ளை ஒரே மாலையில் அதை எத்தனையோ நூறு தடவை அழுத்தும். ஒரு தடவையாவது குனிந்து பார்க்காது. பார்க்காமலே பெருவிரலுக்கு வழி தெரிவதுதான் அந்தப் பொத்தானின் கெட்டித்தனம். அந்தக் கெட்டித்தனத்துக்கு நெடுங்காலம் ஒரு சொந்தக்காரர் இருந்தார் என்பது பிள்ளைக்குத் தெரியாது.

1982 இல் நின்டெண்டோ கொம்பனி ‘டொன்கி கொங்’ விளையாட்டைக் கையடக்கமாகச் செய்தபோது, அதன் பொறியியலாளர் குன்பெய் யோக்கோய் இந்தக் குறுக்குப் பொத்தானைக் கொண்டுவந்தார். பெரிய விளையாட்டு இயந்திரங்களில் அப்போது இருந்தது கைப்பிடித் தடி. சட்டைப் பைக்குள் போகவேண்டிய பொருளில் தடி நீட்டிக்கொண்டிருக்க முடியாது. நான்கு தனிப் பொத்தான்களை வைத்தாலோ விரல் தடுமாறும். ஆகவே நான்கையும் ஒரே துண்டாக்கி, நடுவுக்குக் கீழே ஒரு சிறு குமிழை வைத்தார்கள். துண்டு அந்தக் குமிழின்மேல் சாய்ந்தாடும். வலப்பக்கம் தாழ்ந்தால் இடப்பக்கம் உயர்ந்தே ஆகவேண்டும். இடமும் வலமும் ஒரே நேரத்தில் போ என்ற பைத்தியக்காரக் கட்டளை கணினிக்குப் போய்ச்சேராதபடி ஒரு பிளாஸ்டிக் குமிழே பார்த்துக்கொள்கிறது. அதற்கென்று மென்பொருளில் ஒரு வரிகூட எழுதவேண்டியதில்லை.

இந்த அமைப்புக்கு 1987 இல் அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது. பேட்டன்ட் என்று பேச்சில் சொல்கிறோமே, அதுதான். புதிய ஒன்றை எப்படிச் செய்வது என்பதை ஒளிக்காமல் எழுதிக் கொடுத்தால், குறிப்பிட்ட காலத்துக்கு மற்றவர்கள் அதைச் செய்யாமல் தடுக்கும் உரிமையை அரசு தரும். இன்று பெரும்பாலான நாடுகளில் அந்தக் காலம் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம். சொனியின் பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரில் அந்த இடத்தில் நான்கு தனித்தனிப் பொத்தான்கள் தெரியும். மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரே துண்டு! நடுப்பகுதியை மேலுறை மறைத்திருக்கிறது. இன்னொரு விளையாட்டுக் கொம்பனியான சேகா தன் குறுக்கை ஒரு வட்டத் தட்டின்மேல் ஏற்றிவைத்தது. நின்டெண்டோவின் காப்புரிமைக்குப் பயந்தே இத்தனை வேஷம் என்று ஆட்டக்காரர்கள் சொல்வதுண்டு.

ஒரு காப்புரிமை எதைக் காக்கிறது? படங்களையோ விளக்கத்தையோ அல்ல. பத்திரத்தின் கடைசியில் இலக்கமிட்டு வரும் வாக்கியங்களை. இவற்றுக்கு உரிமைக்கோரல்கள் என்று பெயர், அதாவது எனக்குச் சொந்தமான எல்லை இதுவரை என்று போடும் வேலி. ஒவ்வொன்றும் ஒரே வாக்கியம், சிலவேளை அரைப்பக்கம் நீளும். அதில் சொன்ன உறுப்புகள் அத்தனையும் எதிராளியின் பொருளில் இருந்தால்தான் மீறல். ஐந்தில் ஒன்று குறைந்தாலும் அநேகமாக அவர் தப்பினார். ஆகவே எழுதும் சட்டத்தரணி சொற்களைக் குறைக்கப் பார்ப்பார், எதிராளியின் பொறியியலாளர் உறுப்பைக் குறைக்கப் பார்ப்பார். கோடிக்கணக்கான டொலர் இந்த இழுபறியில்தான் கைமாறுகிறது.

முதல் பெரிய இழுபறி ஒரு வெள்ளைப் பொட்டைப் பற்றியது. இலங்கையில் தொலைக்காட்சி தொடங்கியது 1979 இல். அதற்குப் பதின்மூன்று வருடம் முந்தி, 1966 இல், அமெரிக்காவில் சாண்டர்ஸ் என்ற பாதுகாப்புத்துறைக் கொம்பனியின் பொறியியலாளர் ரால்ஃப் பேயருக்கு, டிவியைப் பார்க்க மட்டுமா வேண்டும், ஆடக்கூடாதா என்று தோன்றியது. ஜெர்மனியில் பிறந்தவர் அவர். நுண்செயலி அப்போது கிடையாது. டிரான்சிஸ்டரையும் டயோட்டையும் வைத்தே அவரும் கூட்டாளிகளும் திரையில் இரண்டு பொட்டுகளை ஓடவைத்தார்கள்.

அதை எப்படிச் செய்தார்கள் என்பதில்தான் எனக்கு ஆச்சரியம் தீரவே இல்லை. பழைய டிவியில் ஓர் இலத்திரன் கற்றை இடமிருந்து வலமாகக் கோடு கோடாகத் திரையை வருடும். அமெரிக்க முறையில் ஒரு படத்துக்கு 525 கோடு, செக்கனுக்கு 30 படம். அதாவது செக்கனுக்கு 15,750 கோடு. கோடு தொடங்கிச் சற்று நேரம் கழித்துக் கற்றையை ஒரு கணம் பிரகாசமாக்கினால் திரையில் ஒரு பொட்டு விழும். தாமதத்தைக் கூட்டினால் பொட்டு வலப்பக்கம் நகரும், குறைத்தால் இடப்பக்கம். ஆட்டக்காரர் குமிழைத் திருகும்போது அவர் உண்மையில் திருகுவது அந்தத் தாமதத்தை. திரையில் ‘எங்கே’ என்ற கேள்வியைப் பேயர் குழு ‘எப்போது’ என்று மாற்றிவிட்டது.

அப்படியானால் பந்து மட்டையில் பட்டதை எப்படி அறிவது? இன்றைய கணினி இரண்டின் இடத்தையும் இலக்கங்களாக வைத்து ஒப்பிடும். பேயரிடம் இலக்கங்களே இல்லை. ஆனால் மட்டையின் மின்துடிப்பும் பந்தின் மின்துடிப்பும் ஒரே கணத்தில் வந்தால், இரண்டும் ஒரே இடத்தில் இருக்கின்றன என்றுதானே பொருள்! இரண்டும் சேர்ந்து வரும்போது மட்டும் திறக்கும் ஒரு சிறு மின்சுற்று போதும். அது திறந்ததும் பந்தின் திசை மாறும். பேயரின் சகா வில்லியம் ரஷ்ஷின் பெயரில் பதிவான காப்புரிமை பிடித்துவைத்தது இதைத்தான்: ஆட்டக்காரர் அசைக்கும் குறி இன்னொரு குறியைத் தொட, தொடப்பட்டது வேறு விதமாக நகர்வது. டென்னிஸ், ஹொக்கி, பிங்பொங் எல்லாமே அந்த வேலிக்குள் விழுந்தன.

மக்னவொக்ஸ் கொம்பனி இதை உரிமத்துக்கு வாங்கி 1972 இல் ‘ஒடிசி’ என்ற பெயரில் விற்றது. அவ்வருடம் மே மாதம் கலிபோர்னியாவில் நடந்த முன்காட்சிக்குப் போனவர்களில் நோலன் புஷ்னல் ஒருவர். போனவர் வருகைப் புத்தகத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தார். சில மாதத்தில் அவருடைய அட்டாரி கொம்பனி ‘பொங்’ விளையாட்டை வெளியிட்டது. வழக்கு வந்தபோது அந்தக் கையெழுத்து எவ்வளவு பாரமான சாட்சி என்று சொல்லவேண்டுமா? 1976 இல் அட்டாரி 15 லட்சம் டொலருக்குச் சமரசமாகப் போனது. மற்றவர்கள் நின்று வாதாடினார்கள். 1977 இல் சிக்காகோ நீதிபதி ஜோன் கிரேடி, பேயரின் காப்புரிமை வீடியோ கேம் துறைக்கே முன்னோடி என்று தீர்ப்பளித்தார்.

1985 இல் நின்டெண்டோ வேறு வழியால் வந்தது. 1958 இலேயே புரூக்ஹேவன் ஆய்வுகூடத்தில் வில்லியம் ஹிகின்போதம் என்ற பௌதிகவியலாளர் ஒரு டென்னிஸ் விளையாட்டைச் செய்துவிட்டார், ஆகவே பேயருடையது புதிதல்ல என்பது வாதம். ஆனால் ஹிகின்போதம் பாவித்தது அலைகாட்டி, அதாவது மின்னலைகளைக் கோடாக வரைந்து காட்டும் ஆய்வுகூடக் கருவி. அதில் டிவி சமிக்ஞை கிடையாது. நின்டெண்டோ தோற்றது. இரண்டு தசாப்தத்தில் வழக்குகளாலும் உரிமக் கட்டணங்களாலும் வந்த தொகை 10 கோடி டொலரைத் தாண்டியது.

அடுத்த வழக்கு உள்ளங்கைக்குள் இருக்கிறது. கண்டி பேராதனை வீதிப் பக்கம் கன்ட்ரோலர் பழுதுபார்க்கும் நானா ஒருவரிடம் சொனியின் பழைய அதிரும் கன்ட்ரோலரான டூயல்ஷொக் ஒன்றைத் திறந்து காட்டச் சொன்னேன். திருகாணிகளைக் கழற்றி மூடியை எடுத்தார். இரண்டு கைப்பிடிக்குள்ளும் ஒவ்வொரு குட்டி மோட்டர். மோட்டரின் அச்சில் அரைவட்டமான உலோகத் துண்டு. “ரெண்டும் ஒண்டில்ல தம்பி, இடது பக்கத்துக்குப் பாரம் கூட” என்று விரலால் சுற்றிக் காட்டினார். துணியெல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கிய சலவை இயந்திரம் சுழலும்போது குதிக்கும் அல்லவா, அதே பௌதிகம். நிறை மையத்தில் இல்லாத சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் அச்சை ஒரு பக்கம் இழுக்கும். பாரமான இடது மோட்டர் மெதுவாகச் சுழன்று உறுமும். குண்டு வெடிப்பதற்கு அது. இலேசான வலது மோட்டர் வேகமாகச் சுழன்று கூசவைக்கும். கார் சரளைக் கல்லில் ஏறினால் அது. 1997 இல் வந்த முதல் டூயல்ஷொக்கில் இடது மோட்டருக்கு 256 வேகப் படிகள் இருந்தன, வலதுக்கு ஓடு, நில் இரண்டே கட்டளைகள்.

2002 இல் கலிபோர்னியாவின் இம்மெர்ஷன் கொம்பனி, தொடுவுணர்வைக் கணினியால் தருவது எங்கள் காப்புரிமை என்று சொனிமீதும் மைக்ரோசொஃப்ட்மீதும் ஒரே நேரத்தில் வழக்குப் போட்டது. அதில் ஒரு காப்புரிமை, கணினிக்குள் இருக்கும் பொருளைத் தொட்டால் விரலில் அதிர்வு தரும் ஒரு கையுறைக்காக எழுதப்பட்டது. அதை எழுதிய கொம்பனியை இம்மெர்ஷன் 2000 இல் வாங்கியிருந்தது. வாசகத்தில் கையுறை என்ற சொல்லோடு வேலியை முடித்திருந்தால் சொனி தப்பியிருக்கும். எழுதியவர்கள் அதைவிட அகலமாகப் போட்டிருந்தார்கள்.

மைக்ரோசொஃப்ட் 2.6 கோடி டொலருக்கு உடன்பட்டு ஒதுங்கியது. சொனி வாதாடி, 2004 இல் ஜூரிகளிடம் 8.2 கோடி டொலருக்குத் தோற்றது. மேன்முறையீடு நடந்துகொண்டிருந்த 2006 இல் பிளேஸ்டேஷன் 3 வந்தது, அதிர்வே இல்லாத கன்ட்ரோலரோடு. சாய்வதை அறியும் உணரிக்கு அதிர்வு இடைஞ்சல் என்று சொனி விளக்கம் சொன்னது. 2007 மார்ச்சில் 15 கோடி டொலர் அளவில் சமரசம். அன்றைய பெறுமதியில் ஏறக்குறைய 1,600 கோடி இலங்கை ரூபாய். அதே வருட முடிவில் ஜப்பானில் டூயல்ஷொக் 3 விற்பனைக்கு வந்தது. உணரியும் இருந்தது, அதிர்வும் இருந்தது, இரண்டும் சண்டை பிடிக்கவில்லை! கதை அதோடும் முடியவில்லை. சொனியோடு சமரசமானால் எங்களுக்கும் பங்கு என்று முந்திய உடன்படிக்கையில் மைக்ரோசொஃப்ட் ஒரு நிபந்தனை வைத்திருந்தது. அதைக் காட்டி இம்மெர்ஷன்மீதே வழக்குப் போட்டு, 2008 இல் 2 கோடி டொலருக்கு மேல் திருப்பி வாங்கியது.

காத்திருக்கும் நேரத்துக்கும் காப்புரிமை இருந்தது. முதல் பிளேஸ்டேஷனின் இறுவட்டு செக்கனுக்கு 300 கிலோபைட் வாசிக்கும். இன்றைய கைப்பேசியில் எடுத்த 3 மெகாபைட் படம் ஒன்றை வாசிக்க அதற்கு 10 செக்கன் வேண்டும். நம்கோ கொம்பனி தன் ‘ரிட்ஜ் ரேசர்’ கார்ப் பந்தயத்தில் முதலில் ஒரு துளி மென்பொருளை மட்டும் ஏற்றி, பழைய ‘கலக்ஸியன்’ விளையாட்டை ஆடவிட்டது. நீங்கள் எதிரிகளைச் சுடும் நேரத்தில் பந்தயம் பின்னால் ஏறிக்கொண்டிருக்கும். முழுவதும் ஏறியபின் இறுவட்டை எடுத்துவிட்டு உங்களுக்குப் பிடித்த பாட்டு வட்டைப் போட்டும் கார் ஓட்டலாம். இதற்கு 1998 இல் காப்புரிமை கொடுத்தார்கள். ஏறத்தாழ இதே வித்தை 1987 இலேயே கொமடோர் 64 கணினியின் கசட்டுகளில் இருந்தது, அது எப்படிக் கண்ணுக்குத் தப்பியதோ! 2015 இல் நம்கோவின் காப்புரிமை காலாவதியானபோது இயந்திரங்கள் வெகுவாக வேகம் பெற்றிருந்தன.

இதெல்லாம் அமெரிக்காவிலும் ஜப்பானிலும். கண்டியில் ஒருவர் புதிய வீடியோ கேம் செய்தால்? காப்புரிமை நாட்டுக்கு நாடு தனி. கலிபோர்னியாவில் பெற்றது கட்டுகஸ்தோட்டையில் செல்லாது. நம் நாட்டின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், விளையாட்டை ஆடும் விதிகளையும் முறைகளையும் காப்புரிமைக்கு வெளியே வைக்கிறது. இந்தியச் சட்டமும் அப்படியே. கரம் போர்ட்டுக்கு நீங்கள் புதுவிதி கண்டுபிடித்தால் அது எல்லாருக்கும் பொது. புதுமாதிரிப் பொறிமுறை கொண்ட ஸ்ட்ரைக்கர் செய்தால் விண்ணப்பிக்கலாம். எனக்கு இது நியாயமான கோடாகவே படுகிறது.

ஆனால் கெட்டிக்காரச் சட்டத்தரணி கோட்டின்மேலேயே நடப்பார். ஆட்டத்தின் விதி என்று எழுதமாட்டார். கணினியை இன்னின்னபடி இயங்கவைக்கும் நிரல் பதிந்த சாதனம் என்று எழுதுவார். ஜப்பானில் நின்டெண்டோ இப்படித்தான் செய்கிறது. தொடுதிரையில் விரலை வைத்து இழுத்துக் கதாபாத்திரத்தை ஓட்டும் முறை முதலியவற்றுக்காக அது கொலொப்ல் கொம்பனியை நீதிமன்றத்துக்கு இழுத்தது. 2021 இல் கொலொப்ல் 330 கோடி யென் கொடுத்து முடித்துக்கொண்டது.

பிறகு வந்தது ‘பால்வேர்ல்ட்’. டோக்கியோவின் பொக்கெட்பெயர் கொம்பனி 2024 ஜனவரியில் வெளியிட்ட விளையாட்டு. விசித்திர விலங்குகளை உருண்டை எறிந்து பிடிக்கலாம், வெளிவந்தபோது சிலவற்றில் தொங்கிக்கொண்டு பறக்கவும் முடிந்தது. நின்டெண்டோவின் பொக்கிமொன் தெரிந்தவர்களுக்கு இந்தச் சாயல் விளங்கும். செப்டெம்பரில் நின்டெண்டோவும் பொக்கிமொன் கொம்பனியும் மூன்று காப்புரிமைகளைக் காட்டி டோக்கியோ மாவட்ட நீதிமன்றத்துக்குப் போயின. அந்த மூன்றுக்கும் விண்ணப்பித்தது பால்வேர்ல்ட் வெளிவந்த பிறகு! பிரிப்பு விண்ணப்பம் என்று ஒரு முறை உண்டு: பழைய விண்ணப்பத்திலிருந்து ஒரு துண்டைப் பிரித்துப் புதிதாகக் கொடுக்கலாம், திகதி மட்டும் தாயுடையது. தாய் விண்ணப்பம் 2021 டிசம்பரைச் சேர்ந்தது. எதிராளி எங்கே நிற்கிறார் என்று பார்த்துவிட்டு, பழைய திகதியில் வேலியை அளந்து போடலாம். அபகரிப்புப் போலத் தோன்றினாலும், தாய் விண்ணப்பத்தில் ஏற்கெனவே எழுதாத எதையும் கோர முடியாது என்பது அதற்குள்ள கடிவாளம்.

கேட்ட நட்டஈடு இரு கொம்பனிக்கும் சேர்த்து ஒரு கோடி யென்னும் தாமதக் கட்டணமும்தான். இவர்களுக்கு அது சில்லறை. உண்மையில் வேண்டியது தடையுத்தரவு. பொக்கெட்பெயர் நவம்பரில் உருண்டை எறிந்து விலங்கை வரவழைக்கும் முறையை எடுத்துவிட்டது. 2025 மே மாதத்தில் விலங்கில் தொங்கிப் பறப்பதையும் மாற்றி, கிளைடர் என்ற கருவி இருந்தால்தான் பறக்கலாம் என்றாக்கியது. வழக்கின் காரணமாகவே இந்த மாற்றங்கள் என்று கொம்பனி வெளிப்படையாகச் சொன்னது.

டோக்கியோ நீதிமன்றத்தின் ஆணை மகாவலிக் கரைவரை செல்லாது. ஆனால் மென்பொருள் இற்றைப்படுத்தலுக்கு எல்லை கிடையாது. உலகமெங்கும் போன அதே கோப்பு கண்டியில் ஆடுகிறவரின் கணினிக்கும் வந்து சேர்ந்தது. அதன் பிறகு அவரும் பறக்கவேண்டுமானால் முதலில் கிளைடர் ஒன்றைச் செய்துகொள்ள வேண்டும்.