உப்பே போடாத சோறு

மூன்று மாதம் ஜப்பானில் மகனுடன் தங்கித் திரும்பிய இதயச் செயலிழப்பு நோயாளி ஒருவர் கால் வீக்கத்துடனும் மூச்சிரைப்புடனும் வந்தார். எடை நான்கு கிலோ கூடியிருந்தது. மாத்திரைகளை ஒருவேளைகூடத் தவறவிடவில்லை. உணவைப் பற்றிக் கேட்டபோது அவருடைய மனைவி, “வாரத்தில் நான்கு நாள் தக்கிகோமி கோஹான்தான், டாக்டர். மருமகளிடம் கற்று நானே சமைத்தேன். அதில் உப்பே போடுவதில்லை” என்றார். அவர் சொன்னது உண்மையே. அவர் உப்பு டப்பாவைத் திறக்கவில்லை. சோயா சாஸ் பாட்டிலைத் திறந்தார்.

தக்கிகோமி கோஹான் என்பது அரிசியை இறைச்சி, காய்கறிகளுடன் ஒன்றாக வேகவைக்கும் ஜப்பானிய வீட்டுச் சமையல். கழுவிய அரிசியில் சோயா சாஸ், இனிப்பான மிரின், தாஷி எனும் சாறு ஆகியவற்றை ஊற்றி, கோழி, கேரட், ஷிட்டாகே காளான், பொரித்த டோஃபு ஆகியவற்றைக் கிளறாமல் மேலே பரப்பி வேகவைப்பர். நல்ல உணவுதான், எண்ணெய் குறைவு, காய்கறி மிகுதி.

கணக்கைப் பாருங்கள். நால்வருக்கான 300 கிராம் அரிசிக்கு வழக்கமாக இரண்டு மேசைக்கரண்டி சோயா சாஸ் சேர்க்கின்றனர். ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ 2.6 கிராம் உப்பு உள்ளது. கடையில் வாங்கும் தாஷித் தூளிலும் கணிசமான பகுதி உப்பே. ஒரு தேக்கரண்டி போட்டால் மேலும் ஒன்றரை கிராம். ஆக, ஒரு கிண்ணச் சோற்றில் ஒன்றரை கிராமுக்கு மேல் சேர்ந்துவிடுகிறது. உடன் மிசோ சூப்பும் ஊறுகாயும் வந்தால் ஒருவேளை உணவிலேயே மூன்று கிராமைத் தொடலாம். நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. குழம்பில் உப்பு கூடினால் குழம்பைக் குறைத்து ஊற்றிக்கொள்ளலாம். இங்கோ ஒவ்வொரு பருக்கையும் உப்பைக் குடித்திருக்கிறது, ஒதுக்கிவைக்க வழியில்லை. குறைப்பதைச் சமைக்கும்போதே செய்ய வேண்டும்.

“அப்படியானால் விட்டுவிடட்டுமா?” என்று கேட்டார் அந்த அம்மையார். வேண்டியதில்லை. சோயா சாஸை ஒரு மேசைக்கரண்டியாகக் குறைத்து, தூளைத் தவிர்த்தால் போதும். உலர்ந்த ஷிட்டாகேயை இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் ஊறவைத்து, அந்த நீரிலேயே சோறாக்கலாம். 1908இல் கிகுனாயே இகேடா என்ற வேதியியலாளர் கொம்பு எனும் கடற்பாசியின் சுவைக்குக் குளுட்டமேட்டே காரணம் எனக் கண்டறிந்தார். சோயா சாஸிலும் அது உண்டு. ஷிட்டாகேயில் உள்ள குவானிலேட், கோழியில் உள்ள இனோசினேட் ஆகியவற்றுடன் சேரும்போது அச்சுவை பன்மடங்காகிறது. உப்புக் குறைந்தது நாவுக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. அரிசியை முதலில் அரைமணி நேரம் வெறும் நீரில் ஊறவிடுங்கள். சோயா சாஸ் கலந்த நீரில் அது சரியாக ஊறாது. இறக்கியபின் இஞ்சித் துருவல், வெங்காயத்தாள், வறுத்த எள் தூவலாம்.

நிறம் வெளிறிய சோயா சாஸை உப்புக் குறைந்தது என்று எண்ணி வாங்காதீர்கள். அதில்தான் உப்பு அதிகம். ‘உப்பு குறைக்கப்பட்டது’ என்று விற்கப்படும் சிலவற்றில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கின்றனர். சிறுநீரகம் பழுதடைந்தோருக்கும் ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரை உட்கொள்வோருக்கும் அது இரத்தப் பொட்டாசியத்தை ஆபத்தான அளவுக்கு உயர்த்தக்கூடும். அவர்கள் காளான் ஊறிய நீரைப் பயன்படுத்துவது பற்றியும் மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். தைராய்டு நோயாளிகள் கொம்பைத் தவிர்ப்பது நல்லது. அதில் அயோடின் மிக அதிகம்.

இதயச் செயலிழப்பு உள்ளோர் நாள்தோறும் காலையில், சிறுநீர் கழித்தபின், உண்பதற்கு முன் எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் கூடினால் கால் வீங்கும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள்.