பாதிக்கப்பட்டவரின் உரிமை எந்த நாளில் தொடங்குகிறது?

குற்ற வழக்கு என்பது அரசுக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் இடையிலானது. பாதிக்கப்பட்டவர் அதில் ஒரு சாட்சி மட்டுமே. நெடுங்காலமாக நிலவிவரும் புரிதல் இது. சாட்சிக் கூண்டுக்கு அழைக்கப்படும் நாள்வரை அவருக்கு வழக்கில் வேலையில்லை என்று காவல் நிலையங்களில் இன்றும் சொல்லப்படுகிறது. சட்டம் அவ்வாறு சொல்லவில்லை.

ஒரு சொல் ஏற்படுத்திய தடை

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 'பாதிக்கப்பட்டவர்' என்பதற்கான வரையறை 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலமே முதன்முதலில் சேர்க்கப்பட்டது. எச்செயலுக்காக ஒருவர்மீது குற்றம் சாட்டப்பட்டுள்ளதோ, அச்செயலால் இழப்போ காயமோ அடைந்தவர் என்று அது கூறியது. எனவே குற்றச்சாட்டு எழும்வரை பாதிக்கப்பட்டவர் என்று சட்டத்தின் கண்ணில் எவரும் இல்லை என வாதிட அது இடமளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, குற்றச்சாட்டு குறித்த அச்சொற்களை நீக்கிவிட்டது.

அதற்கு முன்பே உச்ச நீதிமன்றம் இக்கேள்விக்கு விடையளித்திருந்தது. உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரியில் விவசாயிகள்மீது வாகனம் ஏற்றிக் கொல்லப்பட்ட வழக்கில், பாதிக்கப்பட்டோர் தரப்பை முறையாகக் கேட்காமல் உயர் நீதிமன்றம் பிணை வழங்கியது. 2022 ஏப்ரல் 18 அன்று அப்பிணையை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், புலன் விசாரணைக் கட்டம் தொடங்கி மேல்முறையீடு, சீராய்வு முடியும்வரை ஒவ்வொரு கட்டத்திலும் பங்கேற்கும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் செல்லும் தொலைவு

நமக்கு இதைவிட வலுவான கருவி 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். அதன் வரையறைப்படி, குற்றத்தால் உடல், மனம், உணர்வு, பொருள் என எவ்வகையிலேனும் தீங்குற்ற பட்டியல் சாதி, பட்டியல் பழங்குடியினர் பாதிக்கப்பட்டவர் ஆவர். உறவினரும் சட்டப்படியான வாரிசுகளும் அதில் அடங்குவர். குற்றவாளி யாரென்று தெரிந்திருக்க வேண்டிய தேவையே அங்கு இல்லை. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்த நாளிலேயே, அந்நீரைக் குடித்த தலித் மக்கள் சட்டப்படி பாதிக்கப்பட்டவர்கள் ஆகிவிட்டனர். குற்றப்பத்திரிகை 2025 ஜனவரியில்தான் வந்தது. அதுவும் அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவர்மீதே வந்தது. மக்கள் அதை ஏற்க மறுத்தனர். தீங்கு நேர்ந்த கணத்துக்கும் குற்றப்பத்திரிகைக்கும் இடைப்பட்ட இக்காலத்தில்தான் வழக்கின் திசை முடிவாகிறது. உரிமை தேவைப்படும் காலமும் அதுவே.

2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த பிரிவு 15ஏ, பிணை உட்பட ஒவ்வொரு நீதிமன்ற நடவடிக்கை குறித்தும் உரிய நேரத்தில் அறிவிப்புப் பெறவும், பிணை, விடுவிப்பு, தண்டனை ஆகியவற்றின்போது தம் தரப்பை எடுத்துரைக்கவும் உரிமையளிக்கிறது. இது கட்டாயமானது, வெறும் சடங்கல்ல என்று ஹரிராம் பாம்பி வழக்கில் 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

இவ்வுரிமைகளைப் பயன்படுத்தினால் என்ன நிகழும் என்பதற்குக் கோகுல்ராஜ் வழக்கு சான்று. 2015இல் கொல்லப்பட்ட அவரது வழக்கு நாமக்கல்லில் நடந்தபோது முக்கியச் சாட்சி பிறழ்சாட்சியானார். கோகுல்ராஜின் தாய் உயர் நீதிமன்றத்தை நாடினார். விசாரணை மதுரைச் சிறப்பு நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. வழக்கறிஞர் பவானி பா.மோகன் சிறப்பு அரசு வழக்கறிஞராக வாதாடினார். 2022 மார்ச்சில் 10 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பு வந்தது. அந்தத் தாய் சாட்சியாக மட்டும் நின்றிருந்தால் வழக்கு வேறு விதமாக முடிந்திருக்கக்கூடும்.

காவல் நிலையத்தில் கேட்க வேண்டியவை

கோட்டாற்றிலோ தோவாளையிலோ காவல் நிலையப் படியேறுபவருக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் மனு ரசீதுதான். அது முதல் தகவல் அறிக்கை அல்ல. பிரிவு 18ஏ-இன்படி, இச்சட்டத்தின் கீழ் வழக்குப் பதியப் பூர்வாங்க விசாரணை தேவையில்லை. மூன்று முதல் ஏழு ஆண்டுகளுக்குட்பட்ட தண்டனைக்குரிய குற்றங்களில் 14 நாள் பூர்வாங்க விசாரணைக்குப் புதிய சன்ஹிதா இடமளிப்பதைக் காரணம் காட்டி அலைக்கழித்தால், சிறப்புச் சட்டமே மேலோங்கும் என்று எழுத்தில் பதில் கொடுங்கள்.

முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கேளுங்கள். துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்கிறாரா என்று பாருங்கள். சாதியைச் சொல்லி இழிவுபடுத்திய குற்றத்துக்கு நிவாரணத்தின் 25 விழுக்காடு முதல் தகவல் அறிக்கைக் கட்டத்திலேயே வழங்கப்பட வேண்டும். மிரட்டல் வந்தால் அதைத் தனிப் புகாராகப் பதியச் சொல்லுங்கள். விசாரணை எந்த நிலையில் உள்ளது என்பதைக் காவல் துறை 90 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது சன்ஹிதா.

தோழர்களும் மாணவர்களும் உடன் செல்லும்போது 'நீ யார்?' என்ற கேள்வி எழும். தொண்டு நிறுவனங்கள், சமூகப் பணியாளர்கள், வழக்கறிஞர்களின் உதவியைப் பெறுவது பாதிக்கப்பட்டவரின் உரிமை என்று பிரிவு 15ஏ-இன் 12ஆம் உட்பிரிவு கூறுகிறது. அதன் நகல் ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.